இரண்டு சாம்பல் நிறங்களுக்கு நடுவே போன 1,850 வெள்ளி

நான்கு நாளாகிறது, வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறைக்குச் சாயம் அடிக்கப்போய் 1,850 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) தொலைத்திருக்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். முகநூலில் விளம்பரம் போட்டு, சாயமும் கலந்து, ஆளும் அனுப்பும் வகைக் கடை.

மகள் இணையத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தது ஷெர்வின் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கச் சாய நிறுவனத்தின் அக்ரீயபிள் கிரே, எண் 7029. அதை ஒட்டியே இருக்கிறது ரிபோஸ் கிரே, எண் 7015. ஒளியைத் திருப்பித் தரும் அளவு நூற்றுக்கு முதலாவதற்கு 60, மற்றதற்கு 58. அட்டையில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான். ஆனால் முதலாவதில் பழுப்பு கலந்த இதம் உண்டு; மற்றது அதைவிடக் குளிர்ந்த சாம்பல். எங்கள் பழுப்புத் தரைக்கு முதலாவதுதான் பொருந்தும்.

"அதே நிறத்தை நம் மெஷினிலேயே கலந்துவிடலாம், அக்கா" என்றார் கடைக்காரர். இரண்டு படங்களையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், "இதில் பழுப்பு ஒளிந்திருக்கிறது, அதில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு நிறம் சொல்பவரை நம்பி 1,850 வெள்ளியையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன் பாருங்கள்!

வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டால், சுவர் ஈரச் சிமெண்டு போல் நிற்கிறது. குளியலறை ஓரம் காலி வாளிகள் கிடந்தன. மூடியில் ஒட்டிய சீட்டைப் பாதி கிழித்திருந்தார்கள். மிச்சத்தில் நிற எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள்: 15. கீழே தேதி, நான் பணம் கட்டியதற்கு மூன்று வாரம் முந்தையது! யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன சாயம் என் சுவருக்கு ஏறியிருக்கிறது.

கூப்பிட்டேன். "காய்ந்தால் சரியாகிவிடும்." காய்ந்தது. "உங்கள் வீட்டு விளக்கு அப்படி, பல்பை மாற்றுங்கள்." சீட்டைப் படமெடுத்து அனுப்பினேன். "கலந்த சாயத்தைத் திரும்ப எடுப்பதில்லை."

விளக்கமாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. வாளியைத் திறக்கும் முன் எண்ணையும் தேதியையும் பாருங்கள். சுவரில் ஒரு முழம் அடித்து, பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். ரசீதை விடாதீர்கள், 5 வெள்ளி கட்டினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதியலாம். நான் பதியப்போகிறேன்.

இன்று காலையும் அழைத்தேன். முதலாளி ஈப்போவுக்குப் போயிருக்கிறாராம். பேசியது அவர் குரல்தான்.