நாலு மழைக்காலம் பார்த்த வாசற்படி

சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டின் வாசற்படியை 2021 தை மாதம் இடித்துக் கட்டினோம். நாலு மழைக்காலம் தாண்டிவிட்டது. கட்டி முடித்த வாரத்தில் எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை.

பழைய படிகளில் வெள்ளை டைல்ஸ். பாத்ரூமுக்கு வாங்கி மிஞ்சியதை ஒட்டியது என்று அப்பாவே ஒத்துக்கொள்வார். போர் தண்ணீரின் உப்புக்கறை, உடைந்த முனைகள், ஓரத்தில் பச்சைப் பாசி. பார்க்கச் சகிக்காது என்பது ஒரு பக்கம். 2020 மார்கழியில் கோலம் போட இறங்கிய அம்மா வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, மணிக்கட்டு மட்டும் இரண்டு வாரம் வீங்கிக் கிடந்தது. அன்றைக்கு முடிவு செய்ததுதான்.

இதில் இன்னொரு வினையும் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முன்வாசலில் செங்கல் ரப்பீஷும் கிராவலும் கொட்டி நாலு அங்குலம் மேடாக்கியிருந்தோம். ஆறு ஆறு அங்குலமாக இருந்த ஐந்து படிகளில் முதல் படி மட்டும் இரண்டு அங்குலமாகச் சுருங்கிவிட்டது. அதில் தடுக்காத விருந்தாளியே கிடையாது. காலுக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் படிக்கு எவ்வளவு தூக்கியதோ அதே அளவைத்தான் அடுத்ததற்கும் தூக்கும். உயரம் மாறினால் கண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் ஏமாறும்.

மீதி இருந்த மொத்த உயரம் 26 அங்குலம். மேஸ்திரி நாலு படி என்றார், படிக்கு ஆறரை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு 190 மில்லிமீட்டர், அதாவது ஏழரை அங்குலம் வரை அனுமதிப்பதால் அதில் தப்பில்லை. ஆனால் அம்மா, "வாசப்படி ஒத்தப்படையாத்தான் இருக்கணும்" என்று நின்றுவிட்டார். ஐந்தாகப் பிரித்ததில் படிக்கு ஐந்தேகாலுக்கும் கொஞ்சம் குறைவு. சம்பிரதாயத்துக்குச் செய்தது மூட்டுவலிக்கு உதவியது. மிதிக்கும் அகலத்தைப் பத்திலிருந்து பன்னிரண்டு அங்குலம் ஆக்கினோம். காம்பவுண்டுக்குள் இடம் இருந்ததால் தெருவைத் தொடவில்லை.

கல் விஷயத்தில் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சாம்பல் நிற கிரானைட், பிளேம் பினிஷ். கல்லின் மேல் தீயைப் பாய்ச்சினால் மேற்பரப்பு பொரிப்பொரியாகத் தெறித்துச் சொரசொரப்பாகும். ஈரத்திலும் பிடிப்பு நன்றாகவே இருக்கிறது, இதுவரை யாரும் வழுக்கவில்லை. ஆனால் முதல் மாதத்தில் ஒரு கோளாறு. 'லுக்கு வேணும் சார்' என்று மேஸ்திரி படிகளின் முனையை உருட்டிப் பாலீஷ் போட்டிருந்தார். இறங்கும்போது முன்பாதம் ஊன்றுவதே அந்த முனையில்தான்! சொரசொரப்பு எங்கே வேண்டுமோ அங்கேயே வழவழ. திரும்ப வரச் சொல்லி ஒவ்வொரு படியிலும் முனையை ஒட்டி மூன்று கோடுகள், தீக்குச்சி கனத்துக்கு, கட்டரால் இழுக்க வைத்தோம். முதலிலேயே சொல்லியிருந்தால் இந்தக் கூலி மிச்சம்.

அவரிடம் பிடித்த வேலையும் உண்டு. ஒவ்வொரு படியையும் வெளிப்பக்கமாக ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், சரித்து வைத்தார். ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நிற்காமல் வீட்டுப் பக்கக் கோட்டைப் போய்த் தொடும். மழை விட்ட கொஞ்ச நேரத்தில் படியில் தண்ணீர் தேங்குவதில்லை, பாசியும் கட்டுவதில்லை. என்னைக் கேட்டால், கல்லுக்குக் கொடுத்த காசைவிட இந்தச் சரிவுதான் பெரிது.

குறை? கழுவுவது கஷ்டம். பொரிக்குள் செம்மண் உட்கார்ந்தால் மாப்பு ஒன்றும் செய்யாது, நார்க்கட்டை போட்டுத் தேய்க்கணும். மாக்கோலமும் நேர்க்கோடாக வராது. அதனால் படிக்குக் கீழே கோலத்துக்கென்றே மூன்றடிக்கு மூன்றடி கடப்பா கல் பதித்தோம். கருப்பில் வெள்ளைக் கோலம் எடுப்பாகத்தான் இருந்தது, ஒரு வருஷம். கடப்பா சுண்ணாம்புக்கல் இனம், ஆசிட் ஆகாது. நான் ஊரில் இல்லாத ஒரு நாள், கறை போகட்டும் என்று வேலைக்கு வரும் அக்கா கழிவறை ஆசிட்டை ஊற்றித் தேய்த்துவிட்டார். தட்டு அளவுக்கு வெளுத்துப் போன வட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. அம்மா இப்போது அந்த வட்டத்தையே நடுவில் வைத்துக் கோலம் போடுகிறார்.

கைப்பிடிதான் வயிற்றெரிச்சல். எஸ்.எஸ். 304, அதாவது எளிதில் துருப்பிடிக்காத ஸ்டீல் ரகம் என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். காந்தம் ஒட்டவில்லை என்று நானும் நம்பினேன். அதைவிட மட்டமான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் வெல்டிங் இடங்களில் டீ சிந்திய மாதிரி பழுப்புப் புள்ளிகள். சொட்டு விட்டுப் பார்க்கும் திரவம் ஒன்று உண்டு, 202 என்றால் சிவக்கும். வாங்கும் முன்பே கடையில் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் மூன்று மணிக்கு அந்தக் கம்பியைத் தொட முடியாது என்பது தனிக்கதை. ஆனாலும் அம்மா பிடித்துக்கொண்டு ஏறுகிறார், அதனால் கழற்ற மனசில்லை.

அழகுக்கு என்று படிக்கு ஒரு பூந்தொட்டி வைத்தோம், நடக்கும் அகலம் போனதால் ஒரே மாதத்தில் எடுத்தோம். சென்சார் லைட் பரவாயில்லை, ஈசல் காலத்தில் அணைத்துவிடணும். உண்மையில் எங்கள் வாசலின் அசிங்கத்தில் பாதி செருப்புக் குவியல்தான். பக்கவாட்டில் ஒரு திண்டு கட்டி, அடியில் செருப்பு, மேலே உட்கார்ந்து மாட்டிக்கொள்ள இடம் என்று செய்தோம். மொத்தச் செலவில் மிகக் குறைவு இதற்குத்தான், வருகிறவர்கள் முதலில் பாராட்டுவதும் இதைத்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இரண்டாம் படி வரை தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு முதல் படியைத் தட்டினால் ஓர் ஓரத்தில் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். அடியில் கலவை சரியாக நிரம்பாத இடத்தில் தண்ணீர் புகுந்திருக்கணும். கல் இன்னும் ஆடவில்லை, ஆனால் எடுத்துத் திரும்பப் பதிக்கத்தான் வேண்டும். மேஸ்திரிக்குப் போன் செய்தேன். ஆடி முடியட்டும், வருகிறேன் என்றிருக்கிறார்.