டகோமாவா, ஃபிரான்டியரா: எது நீண்ட நாள் ஓடும்?

அமெரிக்காவில் 2005–2015 காலத்தில் வந்த டொயோட்டா டகோமா, நிசான் ஃபிரான்டியர் ஆகிய இரண்டு பிக்கப் வண்டிகளின் வி6 (ஆறு சிலிண்டர்) மாடலிலும் 4.0 லிட்டர் இன்ஜின், பெல்ட்டுக்குப் பதில் நீண்ட நாள் உழைக்கும் டைமிங் செயின். ஆயிலை ஒழுங்காக மாற்றினால் 3 லட்சம் கிலோமீட்டர் பெரிய விஷயமே இல்லை. வண்டியை முடித்துவைப்பது வேறு.

டகோமாவுக்கு எமன் துரு. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு சேஸியை அரித்துவிடும். 2016-இல் டொயோட்டா வழக்கில் சமரசத்துக்கு வந்து, மோசமாக அரித்துப்போன வண்டிகளுக்குச் சேஸியையே மாற்றித்தர ஒப்புக்கொண்டது. ஃபிரான்டியரும் துருப்பிடிக்கும்தான். ஆனால் 2005–2010 ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பெரிய பயம், ரேடியேட்டருக்குள் இருக்கும், கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர். அது விரிசல் விட்டால் ரேடியேட்டரின் கூலன்ட் அந்த ஆயிலில் கலந்து கியர்பாக்ஸ் காலி.

ரேடியேட்டரை முன்கூட்டியே மாற்றிவிடலாம், சேஸிக்கு அப்படி மலிவான வழியில்லை. பனி ஊர் வண்டியென்றால் என் ஓட்டு ஃபிரான்டியருக்கு. வறண்ட ஊரென்றால் டகோமா.