பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் பணம் மாற்றப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

இன்று மதியம் நடந்தது. இன்னும் கை நடுங்குகிறது. 2,400 கொருனா (செக் நாட்டுப் பணம்) போய்விட்டது, நம் பணத்தில் ஏறத்தாழ 9,000-10,000 ரூபாய்.

அந்தச் சதுக்கத்தில் 1410இல் வைத்த வானியல் கடிகாரத்தில் மணிக்கொரு முறை இயேசுவின் அப்போஸ்தலர் பொம்மைகள் வலம் வரும். 11 மணிக்கு அதைப் பார்க்க நானும் மனைவியும் சீக்கிரமே போய்விட்டோம். கையில் கொருனா இல்லை. பக்கத்திலேயே ஒரு பணமாற்றுக் கடை. போர்டில் பெரிதாக யூரோவுக்கு 24, '0% கமிஷன்'. உள்ளே இருந்தவர் "நமஸ்தே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் 300 யூரோவை நீட்டினேன். ரசீதில் எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டினார், போட்டேன். அப்போது மணி 10.50.

காபிக்குக் காசு எடுக்கும்போதுதான் எண்ணினேன். 7,200 வர வேண்டிய இடத்தில் 4,800! யூரோவுக்கு 16. அந்த 24 என்பது 1,000 யூரோவுக்கு மேல் மாற்றுகிறவர்களுக்காம், கீழே பொடி எழுத்தில் இருந்தது.

11.30க்குத் திரும்பிப் போனேன். சிரிப்பைக் காணோம். "கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றார். அப்புறம், "மேனேஜர் 1 மணிக்கு வருவார்." சதுக்கத்தில் உள்ள செக் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹஸ் சிலையடியில் காத்திருந்தோம். 1621இல், அரசரை எதிர்த்துக் கிளர்ந்த 27 பேரைத் தூக்கிலிட்டும் தலை வெட்டியும் கொன்ற இடத்தில், தரையில் 27 சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், ஆனால் எதுவும் மனதில் ஏறவில்லை. 1 மணிக்குப் போனால், "சாப்பிடப் போயிருக்கிறார், 2 மணிக்கு வாருங்கள்."

2 மணிக்கு அதே ஆள் சொன்னார்: "3 மணி நேரத்துக்குள் ரத்து செய்யக் கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். நேரம் முடிந்துவிட்டது."

அப்படி ஒரு சட்டம் 2019 ஏப்ரலில் இருந்தே இருக்கிறது. 1,000 யூரோ வரை மாற்றியதை 3 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அது தெரிந்தேதான் என்னை அலைய விட்டிருக்கிறார்கள். 2,400 கொருனா!

விரிவாக எழுத இப்போது தெம்பு இல்லை. சதுக்கத்தைச் சுற்றி மாற்றாதீர்கள். தெருவில் நோட்டைக் காட்டிக் கூப்பிடுகிறவர்கள் பக்கமே போகாதீர்கள், வேறு நாட்டு நோட்டைத் தள்ளிவிடுவார்கள். வங்கி ஏடிஎம்மில் எடுங்கள், ரூபாயிலா கொருனாவிலா என்று கேட்டால் கொருனா. ஏமாந்துவிட்டால் ரசீதில் உள்ள நேரத்தைப் பாருங்கள், "மேனேஜர் வரட்டும்" என்றால் நகராதீர்கள். இந்தக் கடைகளைக் கண்காணிப்பது செக் தேசிய வங்கி. நாளைக் காலை முதல் வேலையாக அங்கே புகார் எழுதப் போகிறேன்.