2018ஆம் ஆண்டு பார்க்கிங் கட்டணத்துக்கு இப்போது கடிதம் வந்தால், தயவுசெய்து தொலைபேசியை எடுக்காதீர்கள்

இங்கிலாந்தில் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் இதை அவசியம் வாசியுங்கள். என் கணக்கிலிருந்து 145 பவுண்டு போய்ப் பத்து நாட்கள்தான் ஆகின்றன. கோபம் இன்னும் ஆறவில்லை.

2025 ஜனவரியில் கடன் வசூலிக்கும் நிறுவனம் ஒன்றிடமிருந்து கடிதம் வந்தது. 2018 ஆகஸ்டில், ஒரு கடைத்தொகுதியின் தனியார் தரிப்பிடத்தில் என் கார் இரண்டு மணிநேரத்துக்கு மேல் 22 நிமிடம் நின்றதாம். நின்றிருக்கும். பள்ளிக்கூடம் தொடங்குமுன் மகளுக்குச் சப்பாத்து வாங்கப் போன நாள் அது. அந்த மாதமே வீடு மாறியதால் பழைய கடிதம் எதுவும் என் கைக்கு வரவில்லை. கட்டணம் 100 பவுண்டு, வசூல் செலவு 70, மொத்தம் 170 என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கடிதத்தில் இருந்த எண்ணுக்கு நானே அழைத்தேன். பேசிய பெண் அவ்வளவு பணிவாகப் பேசினார். "வருத்தமாக இருக்கும், எனக்குப் புரிகிறது" என்றார். வீட்டுக்கடன் ஏதும் எடுக்கும் எண்ணம் உண்டா என்று அக்கறையாகக் கேட்டார். ஏப்ரலில் புதுப்பிக்க வேண்டும் என்று நானும் வெள்ளந்தியாகச் சொன்னேன். உடனே, வழக்குப் போய்த் தீர்ப்பு வந்தால் அது கடன் பதிவேட்டில் ஆறு வருடம் நிற்கும், எந்த வங்கியும் முகம் கொடுக்காது என்றார். மேலதிகாரியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று இரண்டு நிமிடம் காக்க வைத்தார். திரும்பி வந்து, இன்றே அட்டையால் செலுத்தினால் 145 பவுண்டுக்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். நான் அவருக்கு நன்றி சொன்னேன்! அதை நினைத்தால்தான் இன்னும் நெஞ்சு எரிகிறது.

ஒன்றே ஒன்று கேட்டேன்: "இவ்வளவு பழையதாயிற்றே, இது இன்னும் செல்லுமா?" அவர் சொன்ன பதில்: "உங்கள் கட்டணம் நிலுவையில்தான் இருக்கிறது."

அன்றிரவு, சட்டத்தரணி அலுவலகத்தில் வேலை செய்யும் என் மைத்துனர் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "அத்தான், எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" தனியார் தரிப்பிடக் கட்டணம் ஒப்பந்தத்தின் பேரில் கேட்கப்படுவது. 1980ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 5ஆம் பிரிவின்படி அதற்கு வழக்குப் போட ஆறு வருடம்தான். பணம் கட்டத் தரும் 28 நாட்களைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் என்னுடையது 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடன் அழிவதில்லை. வழக்குப் போட்டால் காலம் கடந்துவிட்டது என்று நாம் சொல்லித் தடுக்கலாம், அவ்வளவே. ஆகவே "நிலுவையில் இருக்கிறது" என்பது பொய்யில்லை. நான் கேட்டது என்ன என்று அந்தப் பெண்ணுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தார்.

மறுநாள் அழைத்தேன். "கணக்கு மூடப்பட்டுவிட்டது." அந்தப் பெண்ணைக் கேட்டேன், இணைக்க முடியாதாம். மின்னஞ்சல் அனுப்பினேன், நான்கு நாள் கழித்து, தாங்களாக முன்வந்து செலுத்திய தொகை திருப்பித் தரப்படாது என்று அச்சடித்தது போல ஒரு பதில். தரிப்பிட நிறுவனத்தைக் கேட்டால் வசூல்காரரிடம் பேசு என்கிறது. வசூல்காரரோ பணம் தரிப்பிட நிறுவனத்துக்குப் போய்விட்டது என்கிறார். வங்கியும் நீங்களே அனுமதித்த கொடுப்பனவு என்று கைவிரித்துவிட்டது. இருந்த கடனைத்தான் கட்டியிருக்கிறீர்கள், சட்டப்படி திரும்பக் கேட்க வழியில்லை என்று மைத்துனரும் சொல்லிவிட்டார். 145 பவுண்டு, எங்கள் வீட்டின் இரண்டு வாரச் சமையல் சாமான்.

விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரமாக இவ்வளவு: முதலில் தேதியை எண்ணுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் ஆறு வருடம். ஸ்கொட்லாந்தில் ஐந்து, அங்கே கடனே அழிந்துவிடும். ஆறு வருடம் முடியாத நிலையில் ஐந்து பவுண்டு கட்டினாலோ, கடன் உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டாலோ கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடக்கூடும். நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் வசூல்காரர் உங்கள் வீட்டுப் பொருளில் கை வைக்க முடியாது. ஆனால் உண்மையான நீதிமன்றப் படிவம் வந்தால், எவ்வளவு பழையதானாலும் குப்பையில் போடாதீர்கள். 14 நாட்களுக்குள் பதில் போட்டு, காலம் கடந்துவிட்டது என்று நீங்களே எழுத வேண்டும். நீதிபதி உங்களுக்காக அதை எழுப்ப மாட்டார். வீடு மாறினால் வாகனப் பதிவில் முகவரியை உடனே மாற்றுங்கள். நகரசபை போடும் தண்டம் வேறு வகை. இந்தக் கணக்கை அதற்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.