மாடல் கிரேனுக்கு மறை எடை: இரும்பா, ஈயமா, டங்ஸ்டன் புட்டியா?

1:50 அளவு கிராலர் கிரேன் (பட்டைச் சங்கிலியில் நகரும் கிரேன்) மாடலில் நீளமான லாட்டிஸ் பூமை (பின்னல் சட்டக் கையை) மாட்டி, ஹூக்கில் ஒரு சின்னச் சுமையைத் தொங்கவிட்டால் பின்பக்க டிராக் (பட்டைச் சங்கிலி) மேசையைவிட்டு எழும்பும். சுமை 30 கிராம், சுழல் மையத்திலிருந்து 600 மி.மீ. தள்ளி, மையத்திலிருந்து டிராக்கின் வெளி ஓரம் 70 மி.மீ. என்று வையுங்கள். கவிழ்வது அந்த ஓரத்தைப் பிடித்துத்தான். சுமையை ஓரத்திலிருந்து அதன் தூரத்தால் (600 − 70 = 530) பெருக்கினால் 30 × 530 = 15,900. மறை எடையும் இதை ஈடுகட்ட வேண்டும். மையத்துக்கு 120 மி.மீ. பின்னால் இருக்கும் கவுண்டர்வெயிட்டில் (பின்பக்க ஈடு எடைப் பெட்டியில்) ஏற்றினால், ஓரத்திலிருந்து 190 மி.மீ. ஆகிறது, 84 கிராம் போதும். அடிச்சட்டத்தின் நடுவில் வைத்தால் 227 கிராம் வேண்டும். அதனால் கவுண்டர்வெயிட்டுதான் இடம்.

உள்ளே காலியாக இருக்கும் கவுண்டர்வெயிட் பெட்டி 40 × 25 × 12 மி.மீ. என்றால் 12 கன செ.மீ. இரும்பு பேரிங் குண்டுகளை நிரப்பினால், இடைவெளி போக 58 கிராம்தான் பிடிக்கும். பெரிய பெட்டிக்கு இரும்பே போதும், மலிவு, இங்கே பற்றாது.

ஈயக்குண்டு கணக்குக்குச் சரியாக வரும்: 84 கிராம், பெட்டி முட்ட. பிரச்சினை அதை ஒட்டும் பசையில். வெள்ளைப் பசையும் (பி.வி.ஏ.) வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானும் அசிட்டிக் அமிலத்தைக் கசியவிடும். மூடிய பெட்டிக்குள் ஈயம் வெள்ளைப் பொடியாகப் பூத்து ஊதும். இப்படிப் பாய்லர் பிளந்த என்ஜின்களை மாடல் ரயில்காரர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். எபாக்சியில் புதைத்தால் அந்தத் தொல்லை குறையும், ஆனால் பிறகு எடுக்கவே முடியாது. கிரேனை விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது கவுண்டர்வெயிட்டின் மூடியைத்தான். உள்ளே இறுகிய எபாக்சிக் கட்டி தெரிந்தால் அது ‘மாற்றம் செய்த மாடல்’ ஆகிவிடும், விலை இறங்கும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே டங்ஸ்டன் புட்டி. இறுகாத ரகமாகப் பார்த்து வாங்குங்கள், மீன்பிடி சாமான் விற்பவர்களிடம் கிடைக்கும். தூளோடு மெழுகோ பாலிமரோ கலந்திருப்பதால் தூய டங்ஸ்டனின் 19.3 அடர்த்தி இதில் வராது. நல்ல ரகம் ஈயத்தை நெருங்கும். இடைவெளி விடாமல் அழுத்தலாம் என்பதால் இதே பெட்டியில் 100 கிராமுக்கு மேலும் கொள்ளும். விலைதான் கடி.

வேலை எளிது. பெட்டியின் உட்புறத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரியுங்கள். புட்டியைக் கையில் பிசைந்து இளக்கி, முதலில் பின்சுவரோடு சேர்த்து அழுத்துங்கள். சுழல் மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக எடை குறைவாகவே போதும். தாள் இல்லாமல் நேரடியாகப் பெயிண்ட்மேல் பல வருடம் கிடந்தால் கறை படியுமா என்று அடித்துச் சொல்லுமளவுக்கு அனுபவமில்லை. தாள் போட்டுவிடுவது நல்லது.

அளவு மீறாதீர்கள். சுமையைக் கழற்றி, பூமை முழுக்க நிமிர்த்திப் பாருங்கள். முன்பக்கம் லேசாக எழும்பினாலும் கிரேன் பின்னால் சாயும். பத்துப் பத்து கிராமாகக் கிள்ளி எடுங்கள். மூடுவதற்கு முன் ‘டங்ஸ்டன் புட்டி, இத்தனை கிராம்’ என்று எழுதிய துண்டுச் சீட்டை உள்ளே வையுங்கள், அடுத்துத் திறப்பவருக்கு உதவும்.