கனடா தேசிய திரைப்பட வாரியத்தின் இலவசத் தளம்: எங்கள் வாசிகசாலையில் ஆறு சனிக்கிழமை

இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தாலே கனடா என்ற சொல் நாலைந்து போர்டிலாவது கண்ணில் படும். எல்லாம் விசா, படிப்பு, வேலை. போன வருசம் ஒரு ஏஜென்சி நடத்திய அறிமுகக் கூட்டத்துக்குத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். நயாகரா, பனி, சிவப்பு இலை, உயரமான கோபுரம், இரண்டு மணி நேரமும் இவைதான், கடைசியில் கட்டண விவரம். அந்த நாட்டில் இருப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. திரும்பி வரும்போது தங்கச்சி கேட்டாள்: "அக்கா, அங்க ஆளுங்க எப்படி இருப்பாங்கன்னு ஒன்னுமே சொல்லலையே?"

அதைத் தேடப் போய்த்தான் கனடா தேசிய திரைப்பட வாரியத்தின் தளத்துக்கு வந்து சேர்ந்தேன். 2009இலிருந்து தங்கள் படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்க விட்டிருக்கிறார்கள். ஆவணப்படம், கார்ட்டூன், பழையது, புதியது என்று ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. டிக்கோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் சனிக்கிழமை மாலை வகுப்பு எடுக்கிறேன், தரம் 5இலிருந்து உயர்தரம் வரை எல்லோரும் கலந்து வருவார்கள். இரவல் புரொஜெக்டர், சுவரில் ஒரு வெள்ளைப் பெட்ஷீட், என் போன் டேட்டா. இதை வைத்து ஆறு வாரம் ஓட்டியதன் அனுபவம்தான் இந்த விமர்சனம். சுற்றி வளைக்காமல் சொல்வதென்றால், ஒரு நாடு தன்னை வெளியாருக்குக் காட்டுவதற்காகச் செய்தவற்றில் இதைவிட நேர்மையான ஒன்றை நான் பார்த்ததில்லை.

முதலில், இந்த வாரியத்துக்கும் நம் மலைக்கும் உள்ள ஒரு தொடர்பு. 1939இல் வாரியம் தொடங்கியபோது அதன் முதல் ஆணையாளர் ஜோன் கிரியர்சன். அதற்கு ஐந்து வருசம் முன்னால், 1934இல், 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படத்தைத் தயாரித்தவர் அவர்தான். இயக்கியது பேசில் ரைட். பணம் போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. அதாவது எங்கள் தாத்தா பாட்டிமார் கிள்ளிய கொழுந்தில் வந்த காசு. உலக ஆவணப்பட வரலாற்றில் பெரிதாகப் பேசப்படும் படம் அது. அந்த மனிதர் கனடாவுக்குப் போய் அமைத்த வாரியம் எடுத்த படங்களை அதே தேயிலை மலையில், லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பது எனக்குச் சாதாரண விசயமாகத் தெரியவில்லை. இதைச் சொன்னபோது பிள்ளைகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பின்னால் நின்ற ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஐயாதான் ஆண்டையும் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

சரி, படங்களுக்கு வருகிறேன். 'நேபர்ஸ்' என்ற படத்தில்தான் ஆரம்பித்தோம், 1952, நோர்மன் மெக்லாரன் எடுத்தது, எட்டு நிமிசம், பேச்சே இல்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர், எல்லையில் ஒரு பூ முளைக்கிறது, அது யாருக்கு என்று தொடங்கிய சண்டை கொலையில் போய் முடிகிறது. உயிருள்ள ஆட்களையே பொம்மை மாதிரி ஒவ்வொரு அசைவாகப் படம் பிடித்திருப்பார். அந்த வினோதச் சத்தமும் வாத்தியத்தில் வந்ததில்லை, படச்சுருளில் ஒலி பதியும் ஓரத்தில் அவரே உண்டாக்கியது. யுனெஸ்கோ வேலையாக 1949இல் சீனாவில் இருந்துவிட்டு வந்து, கொரியாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் எடுத்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அந்த ஆட்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கைக்குழந்தையையும் அடிக்கும் இடத்தில் சத்தம் அப்படியே நின்றுவிட்டது. படம் முடிந்து லைட்டைப் போட்டதும் தரம் 7 பையன் ஒருவன், "டீச்சர், எங்க லயத்துல கோழிக்கூட்டுக்கு நடந்ததும் இதேதான்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

மொழி தெரியாத பிள்ளைகளுக்கு இந்தத் தளத்தின் பெரிய பலம் இதுதான். தளம் இயங்குவது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும், நான் போட்ட எதிலும் தமிழ் வசன வரி கிடையாது. ஆனால் பேச்சில்லாத அனிமேஷன் படங்களில் அந்த வாரியத்துக்கு நீண்ட மரபு இருக்கிறது. அவற்றில் தொடங்கினால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது.

நான் கூடவே நின்று தமிழில் சொல்லிக்கொண்டு போட்டது 'த ஸ்வெட்டர்'. 1980இல் வந்த பத்து நிமிசக் கார்ட்டூன். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தின் கிராமத்துப் பையன் ஒருவனுக்கு மொன்றியல் ஹொக்கி அணியின் ஒன்பதாம் இலக்க வீரர் மொரிஸ் ரிச்சர்ட் என்றால் உயிர். ஊரில் எல்லாப் பையன்களும் அவருடைய பனியனைத்தான் போடுவார்கள். அம்மா கடைக்குக் கடிதம் எழுதி ஒன்று வரவழைக்கிறார், பார்சலைப் பிரித்தால் எதிரி அணியான, ஆங்கிலம் பேசும் ரொறன்ரோவின் பனியன்! திருப்பி அனுப்பினால் கடை முதலாளி மனம் நோவார் என்று அம்மா மறுத்துவிடுகிறார். அந்த இடத்தில் எங்கள் பிள்ளைகள் "ஐயோ" என்று கத்தியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தீபாவளி அட்வான்ஸில் அம்மா வாங்கிக்கொண்டு வரும் சட்டை அளவு மாறியிருந்தாலும் பேசாமல் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் அவர்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒரே நாட்டுக்குள் எப்படி உரசுகின்றன என்பதை இதை வைத்து விளக்கினேன், சிங்களமும் தமிழும் பேசும் நாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு அதை நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாலாவது வாரம் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் 'கனேசடாகே' போட்டேன். 1993இல் வந்தது, இயக்கியவர் அலனிஸ் ஒபோம்சாவின், அபெனாக்கி பூர்வகுடியைச் சேர்ந்த பெண். 1990இல் கியூபெக்கில் ஓகா என்ற ஊரில் கோல்ஃப் மைதானத்தைப் பெரிதாக்க, மொஹோக் பூர்வகுடி மக்கள் தங்களுடையதென்று சொல்லும் நிலத்தையும் இடுகாட்டையும் தொடப் பார்த்தார்கள். மக்கள் பாதையை மறித்தார்கள், பொலிஸ் வந்தது, பிறகு இராணுவமும் வந்தது, 78 நாள் நீடித்தது. அவர் தடுப்புக்கு உள்ளேயே இருந்து படம் பிடித்திருக்கிறார். இரண்டு மணி நேரப் படம், நுவரெலியா கோல்ஃப் மைதானத்தைத் தாண்டிப் பஸ்ஸில் போய் வரும் பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள், துப்பாக்கியும் பயமும் நிறைய.

என்னை யோசிக்க வைத்தது என்னவென்றால், இது அரசாங்கப் பணத்தில் இயங்கும் வாரியம். கனடாவைக் கனேடியருக்கும் மற்ற நாட்டவருக்கும் விளங்கவைப்பதுதான் சட்டப்படியே அதன் வேலை. அந்த வாரியம் தன் நாட்டு இராணுவம் தன் நாட்டு மக்களுக்கு எதிரே நிற்பதை எடுத்து, அதையே உலகத்துக்குத் திறந்து வைத்திருக்கிறது. அன்றைக்கு ஒரு மாணவி, "இதக் காட்டுறதால அவங்க மரியாத குறையலையே டீச்சர்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நடைமுறை விசயம் கொஞ்சம். படத்தின் தரத்தைக் கீழே இறக்கி வைத்தால் டேட்டா தாக்குப்பிடிக்கும், மழை நேரத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும். ஒரு சனிக்கிழமை கரண்டும் போய் போன் திரையிலேயே முடித்தோம். உரிமை காரணமாகச் சில படங்கள் கனடாவுக்குள் மட்டும்தான் ஓடும், அதனால் வகுப்புக்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆறு வாரத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய வரவு ஃபோகோ தீவு. நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மீனவர் தீவு அது. 1960களில் அந்த மக்களை ஊரை விட்டு வேறு இடத்துக்குப் போகச் சொல்லி நெருக்கினார்கள். 1967இல் வாரியத்தின் கொலின் லோ அங்கே போய், ஆட்களைப் பேசவிட்டு 27 சிறு படங்கள் எடுத்தார். எடுத்ததை முதலில் பேசியவருக்கே காட்டிச் சம்மதம் வாங்குவது, அப்புறம் தீவின் மற்ற ஊர்களுக்குக் காட்டுவது, அதற்குப் பிறகுதான் அமைச்சர்களுக்கு, இதுதான் முறை. ஒருவர் முகம் ஒருவர் பார்த்துப் பேசாத ஊர்கள் தங்கள் கஷ்டம் ஒன்றே என்று கண்டுகொண்டன, மீனவர் கூட்டுறவு உருவானது, தீவு காலியாகவில்லை. அந்தப் பத்தாண்டில்தான் இங்கே இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு யார் இருப்பது, யார் கப்பலேறுவது என்று எங்கள் ஆட்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். என் அம்மாயியின் அண்ணன் குடும்பம் அப்படித்தான் போனது. அவர்கள் பேச்சை யாரும் படம் பிடித்து யாருக்கும் காட்டவில்லை. அந்தச் சனிக்கிழமை கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்த நாலைந்து அம்மாமாருக்கு இதை விளக்கிச் சொன்னேன், வெகுநேரம் எழும்பிப் போகாமல் இருந்தார்கள்.

அடுத்த வாரமே உயர்தரப் பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு எங்கள் மேக்கணக்கு (தோட்டத்தின் மேல் பிரிவு) பீலிக்கரைக்கு, அதாவது தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு, போனார்கள். தண்ணீருக்காக எங்களுக்கும் கீழ்ப் பிரிவான பணியக் கணக்குக்கும் பல வருசமாகப் பேச்சுவார்த்தை சரியில்லை. மூன்று பேர் பேசிய மூன்று வீடியோ இருக்கிறது, ஒவ்வொன்றும் நாலைந்து நிமிசம். ஃபோகோவில் செய்த மாதிரியே பேசியவர்களுக்கு முதலில் காட்டினோம். ஒரு அம்மாயி தன்னுடையதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "கங்காணி பேர மட்டும் எடுத்துரு ஆயி, மத்தது அப்படியே இருக்கட்டும்" என்றார். எடுத்துவிட்டோம். வருகிற சனிக்கிழமை புரொஜெக்டரைப் பணியக் கணக்குக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம்.