விடியற்காலையா, வெயில் தாழ்ந்த பிறகா?

வெயில் காலத்திலும் நடை, ஓட்டம், சைக்கிள் எதையும் விட மனமில்லாதவர்கள் முதலில் மாற்றுவது நேரத்தைத்தான். சீக்கிரம் எழுந்து கிளம்பலாமா, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் போகலாமா? வெயில் இல்லாத வரை இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றே அல்ல. உடலை வருத்திச் செய்யும் எதற்கும் நான் விடியற்காலையைத்தான் சொல்வேன்.

ஒரு நாளில் வெப்பநிலை மிகக் குறைவாக இருப்பது பெரும்பாலும் சூரியன் எழும் நேரத்தை ஒட்டித்தான். இரவு முழுக்கத் தரை சூட்டை விட்டுக்கொண்டே இருந்து, அப்போதுதான் நன்றாக ஆறியிருக்கும். சாயங்காலக் கதை வேறு. காற்றின் சூடு உச்சத்தைத் தொடுவதே பிற்பகல் 3, 4 மணிக்குத்தான். அப்புறம் சூரியன் மறைந்தாலும் தார் ரோடும் கான்கிரீட் சுவரும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஓடப் போனால் தலைக்கு மேல் வெயில் இருக்காது. காலடியிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் அனல் அடிக்கும். நகரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள திறந்த வெளிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் பகலைவிட இரவில்தான் அதிகம்.

சாயங்காலமே வேண்டாம் என்று சொல்லவில்லை. உட்கார்ந்து பேச, மெதுவாக உலாவ, குழந்தைகளை விளையாட விட அது நல்ல நேரம். புல்தரையாகவோ காற்று வரும் திறந்த இடமாகவோ இருக்கட்டும். தோலுக்கும் சாயங்காலம் பாதுகாப்பானது. புற ஊதாக் கதிர்கள் உச்சத்தில் இருப்பது சூரியன் நடுவானில் நிற்கும்போது. காற்றின் சூடு அதற்குச் சில மணி நேரம் கழித்துத்தான் உச்சம் தொடுகிறது. காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய ஒரே அளவுதான், காற்றின் சூடுதான் வேறு. அதனால் விடியற்காலையில் கிளம்பி, ‘இன்னும் சூடே ஏறவில்லையே’ என்று 10 மணி வரை வெளியே நிற்பவர்கள் தோலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

காலையில் ஈரப்பதம் 90 சதவீதம் என்று போனில் பார்த்துவிட்டுத் தயங்குகிறவர்களும் உண்டு. காற்றில் உள்ள நீராவி பல நாட்களில் காலைக்கும் மாலைக்கும் அவ்வளவாக மாறுவதில்லை. குளிர்ந்த காற்றால் குறைந்த நீராவியைத்தான் தாங்க முடியும், அதனால் சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அந்த நீராவியே மிக அதிகமாக இருக்கும் ஊர்களில்தான் சிக்கல். அங்கே வேர்வை காயாது, உடல் குளிராது, எந்த நேரத்துக்கு மாற்றினாலும் பலன் குறைவு. 2019இல் கத்தார் நாட்டின் தோகாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை இரவு 11.59க்குத் தொடங்கினார்கள். வெப்பநிலை 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். கிளம்பிய 68 பேரில் ஓடி முடித்தவர்கள் 40 பேர்தான். துளி வெயில் இல்லாமல் நடந்தது இது!

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஊரையே மாற்றினார்கள். மாரத்தான் ஏறக்குறைய 800 கிலோமீட்டர் வடக்கே, சப்போரோவுக்குப் போனது. 2021 ஆகஸ்டில் அங்கும் சூடு குறையாததால் பெண்கள் ஓட்டத்தைக் காலை 7 மணியிலிருந்து 6 மணிக்கு மாற்றினார்கள். நமக்கு ஊரை மாற்றுவது என்றால் மலைக்குப் போவதுதான். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஆனால் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் போலக் கூடும். குளிர்கிறதே என்று தொப்பியைக் கழற்றிவிடக் கூடாது.

சரி, பகலில்தான் போக முடியும் என்றால் மர நிழலா, தண்ணீரா? நிழலில் காற்றின் சூடு பெரிதாக இறங்காது. உடம்பின் மேல் நேராக விழும் கதிர் தடைபடுவதுதான் லாபம். தார்ப்பாய் போட்ட கொட்டகை தானும் சூடேறி அனலைக் கீழே இறக்கும். இலைகளோ நீரை ஆவியாக்கித் தங்களைக் குளிர்வித்துக்கொள்ளும், அதனால் மரம்தான் மேல். உடல் சூட்டைச் சீக்கிரம் தணிப்பதில் தண்ணீருக்கு இணை இல்லை. அதே சமயம், அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் விழும் புற ஊதாக் கதிரில் 40 சதவீதம் வரை இருக்கும். நீந்தும்போது வேர்ப்பதும் தெரியாது, தாகமும் தெரியாது. அரை நாள் வெளியே இருக்க வேண்டும் என்றால் நான் மரத்தடியில்தான் இருப்பேன், இடையிடையே தண்ணீரில் இறங்கி ஏறுவேன்.

எந்த நேரத்தைத் தேர்ந்தாலும் உடல் சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். முதல் சில நாட்கள் தூரத்தைப் பாதியாக்கி, வேகத்தையும் குறையுங்கள். கூட வருபவருக்குப் பேச்சு குழறினாலோ, இருக்கும் இடம் தெரியாமல் தடுமாறினாலோ அது வெறும் களைப்பு அல்ல, வெப்பத் தாக்கு. அவரை நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள்.